பிள்ளைகளின் விடுமுறை ஆராய்ச்சிக்கு நம்ம ஊர் பென்னிகுயிக்



விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு இணையம் வழியாக ஓர் ஆராய்ச்சி வேலை கொடுக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேசினோம். புதிய வழி தேடிச் சென்றவர்கள் என்பது தலைப்பு. கொலம்பஸ், வாஸ்கோடகாமா என்று போகாமல், தேனி புதிய பஸ் ஸ்டாண்டில் தினமும் பெயரைப் பார்க்கிறோமே, அந்த கர்னல் ஜான் பென்னிகுயிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணை கட்டினார் என்று பொங்கலன்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அனுப்பினேன். நம் குடியிருப்பில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டாள். வேலை பார்த்த காலம் முழுதும் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பட்டுவாடா செய்யாதவன் நான். அன்று பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் உங்களுக்குத் தருகிறேன்.

பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று சில்லியன்வாலா போரில் தந்தையும் அண்ணன் ஒருவரும் ஒரே நாளில் இறந்தார்கள். பையனுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள்தான் பாக்கி. அந்தப் பையனே வளர்ந்து, ராணுவப் பொறியாளராக 1860ல் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருடையது அல்ல. 1789லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பி இடம் பார்க்கச் சொன்னார். 1808ல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல், முடியாத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850ல் தொடங்கிய சிறு அணை வேலை காய்ச்சலால் நின்றுபோனது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. அதன் பிறகு 1882ல் திட்டம் பென்னிகுயிக் கைக்கு வந்தது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருடத்துக்கு 40,000 ரூபாய். 1887ல் வேலை தொடங்கியது. யானைக்காடு, விடாத மழை, மலேரியா. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது. தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அணைக்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு எழுப்பிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. தேங்கிய நீர், மலையைக் குடைந்த 5,704 அடி சுரங்கம் வழியாக நம் பக்கம் இறங்கி, சுருளியாற்றில் கலந்து வைகையைச் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது இதனால்தான்.

பென்னிகுயிக் 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தில் காலமானார்.

சொத்து விற்ற கதை? செலவை ஏற்றது சென்னை அரசு என்றுதான் ஆவணங்கள் சொல்கின்றன. அதனால் அவர் பெருமை ஒரு பைசாவும் குறையவில்லை. பலர் கைவிட்ட வேலையை முடித்துக் காட்டியதே போதும்.

இனி பிள்ளைகளுக்கான வேலை. ஒன்று, செயற்கைக்கோள் வரைபடத்தில் தேக்கடியிலிருந்து வைகை வரை தண்ணீர் வரும் பாதையைக் குறிக்க வேண்டும். இரண்டு, 1789 முதல் 1895 வரை ஆண்டு வரிசை தயாரிக்க வேண்டும். மூன்று, உடன் வேலை பார்த்த மெக்கன்சி 1899ல் எழுதிய பெரியாறு திட்ட வரலாற்றைத் தேடிப் படித்து, வீட்டில் கேட்ட கதைகளை அதோடு ஒப்பிட வேண்டும். பேரேட்டையும் தினக்குறிப்பையும் டிக் அடித்துச் சரிபார்ப்பது போலத்தான். ஒத்துப்போகாததைத் தனிப் பக்கத்தில் எழுதட்டும்.

முடிவில் எல்லோரும் ஒரு வேன் பிடித்து லோயர்கேம்ப் மணிமண்டபம் போய் வரலாம். பெற்றோர்களே, பதிலை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆதாரம் கேட்கும் பிள்ளையை அதட்டவும் செய்யாதீர்கள். என்னைத் திருத்தியது அப்படி ஒரு பிள்ளைதான்.