லீக் கால்பந்தின் தந்தை

ஆவலோடு மைதானத்துக்குப் போகிறீர்கள். எதிரணி வரவில்லை, ஆட்டம் கிடையாது என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? 1880-களில் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்களுக்கு இது அடிக்கடி நேர்ந்தது. இந்தக் குறையைத் தீர்த்தவர் வில்லியம் மெக்ரெகர்.

1846-ல் ஸ்காட்லாந்தில் பிராக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பர்மிங்காம் நகருக்கு வந்து ஜவுளிக்கடை வைத்தார். ஆஸ்டன் வில்லா கால்பந்துக் கழகத்தின் நிர்வாகிகளுள் ஒருவரானார்.

1885 முதல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி கிடைத்தது. டிக்கெட் பணத்தை நம்பித்தான் சம்பளம். ஆனால் கோப்பைப் போட்டி குறுக்கிட்டால் முன்பே பேசி வைத்த ஆட்டம் ரத்தாகும், வசூலும் போகும்.

மெக்ரெகர் யோசித்தார். 1888 மார்ச் 2 அன்று சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வோர் அணியும் மற்ற அணியுடன் சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை கட்டாயம் ஆட வேண்டும் என்பதே அவர் திட்டம். 12 கழகங்கள் சேர்ந்தன. செப்டம்பர் 8 அன்று உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியது. மெக்ரெகரே அதன் முதல் தலைவர்.

இதில் இறுதிப் போட்டி கிடையாது. வெற்றிக்கு 1981 வரை 2 புள்ளி, சமனுக்கு 1. அதிகப் புள்ளி பெறும் அணியே சாம்பியன். முதல் ஆண்டு பிரஸ்டன் அணி 22 ஆட்டங்களிலும் தோற்காமல் 40 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. தலைவரின் சொந்த அணியான வில்லாவுக்கு இரண்டாம் இடமே! விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? வில்லா 1894-ல் உழைத்தே பட்டம் பெற்றது.

1911-ல் மெக்ரெகர் மறைந்தார். வில்லா மைதானத்தின் வெளியே 2009-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு வருவது எவ்வளவு பெரிய விஷயம், பார்த்தீர்களா!