நூறாண்டு கடந்தும் பாடும் பறவை

ஜெர்மனி நாட்டில் பிராங்க்பர்ட் என்ற நகரம் இருக்கிறது. லுட்விக் கோக் 1881-ம் ஆண்டு அங்கே பிறந்தார்.

ஒரு முறை அவருடைய தந்தை லீப்சிக் சந்தைக்குப் போனார். மகன் விளையாட ஒரு பொருள் வாங்கி வந்தார். அது எடிசன் கண்டுபிடித்த போனோகிராப். அதன் குழாய் முன் பேசினால், சுழலும் மெழுகு உருளையில் ஊசி கோடு கீறும். உருளையை மறுபடி சுழற்றினால் பேசிய குரல் கேட்கும்!

வீட்டில் ஒரு கூண்டு இருந்தது. அதில் சோலைப்பாடி என்னும் பறவை இருந்தது. நம் நாட்டுக் காடுகளிலும் வாழும் பறவை அது. 1889-ம் ஆண்டு, கூண்டின் முன் கருவியை வைத்தான் சிறுவன். அப்போது அவனுக்கு ஏழெட்டு வயதுதான். பறவை பாடியது. பாட்டு மெழுகில் பதிந்தது.

மேடையும் போயிற்று, நாடும் போயிற்று

வளர்ந்ததும் கோக் பாடகர் ஆனார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அவருடைய மேடை வாழ்வு முடிந்தது.

பின்னர் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பறவைகளின் பாட்டை இசைத்தட்டில் பதித்து, புத்தகத்தோடு சேர்த்து வெளியிட்டார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களுக்குக் கொடுமை தொடங்கியது. கோக் யூதர். 1936-ல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். அப்போது அவருக்கு வயது 54. கையில் இருந்தது ஒரே ஒரு தொழில். காது கொடுத்துக் கேட்கும் தொழில்!

அங்கும் விடியுமுன் எழுந்தார். கனமான கருவிகளை வேனில் ஏற்றிக் காட்டுக்குப் போனார். கூட்டின் அருகே மைக் வைத்தார். பறவை பாடும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அதே ஆண்டு, நிக்கல்சன் என்ற பறவை அறிஞரோடு சேர்ந்து புத்தகமும் இசைத்தட்டும் வெளியிட்டார்.

வானொலியில் வந்த புகழ்

பி.பி.சி. வானொலி அவரை அழைத்தது. அவருடைய ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை வீசியது. நேயர்களுக்கு அதுவே பிடித்துப் போயிற்று. வேடிக்கைக்காரர்கள் அவரைப் போலப் பேசிக் காட்டினார்கள். வீடுதோறும் அவர் குரல் தெரிந்தது. அவர் பதித்த ஒலிகளைப் பி.பி.சி. தன் சேமிப்பில் பத்திரப்படுத்தியது.

கோக் 1974-ல் காலமானார்.

கூண்டுப் பறவை அவருக்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டது. ஆனால் 1889-ல் அது பாடிய பாட்டு அந்தச் சேமிப்பில் இருக்கிறது. இன்று கேட்கக் கிடைக்கும் பறவைப் பாட்டுகளில் மிகப் பழையது அதுவே என்பார்கள்.

இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. ஆட்சிகள் எழுந்து விழுந்தன. ஒரு சிறுவன் ஆசையோடு பிடித்து வைத்த பாட்டு மட்டும் அழியவில்லை!