இல்லறத்தில் நின்ற துறவி: கூரத்தாழ்வான்

காஞ்சிக்கு அணித்தான கூரம் என்னும் திவ்ய க்ஷேத்திரத்தில், ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் கூரத்தாழ்வான். ஆங்கில ஆண்டுக் கணக்கில் இது 1010 ஆகும். உடையவர் அவதரித்தது 1017. ஆசார்யனைவிட ஏழு ஆண்டு மூத்தவராயிருந்தும், அவர் திருவடி நிழலாகவே தம் நெடிய வாழ்நாளைக் கழித்த பெருமை ஆழ்வானுடையது. துறவறம் பூணாமலே பற்றறுத்து நின்ற இம்மஹானை, நல்ல கணவராகவும் நல்ல தந்தையாகவும் நினைத்துப் பார்ப்பது இல்லறத்தாராகிய அடியார்களுக்குப் பெரும்பயன் தருவதாகும்.

பெருஞ்செல்வக் குடியிற் பிறந்த ஆழ்வானின் திருமாளிகையில் நாள்தோறும் அன்னதானம் நடைபெற்று வந்தது. இரவில் அம்மாளிகையின் கதவு சாத்தப்படும் ஓசை பேரருளாளன் ஸந்நிதி வரையில் கேட்டதாம். அதனைத் திருக்கச்சிநம்பிகள் வாயிலாக அறிந்த ஆழ்வான், தம் செல்வத்தின் ஆரவாரம் எம்பெருமான் திருச்செவியில் விழுந்ததே என்று நாணினார். உள்ளவற்றையெல்லாம் வழங்கிவிட்டு, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார்.

காட்டு வழியில் செல்லுகையில், இங்கே அச்சமுண்டோ என்று ஆண்டாள் வினவினாள். மடியில் பொருளிருந்தால் அச்சமுண்டு என்றார் ஆழ்வான். கணவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன் வட்டிலைத் தான் எடுத்து வந்திருப்பதை அவ்வம்மை மறைக்காமல் தெரிவித்தாள். ஆழ்வான் அதனை வாங்கி வீசியெறிந்தார். அவள் அன்பை அவர் பழிக்கவில்லை. அவளுடைய அச்சத்திற்குக் காரணமானதையே அகற்றினார். அதன் பின்னர் இருவரும் அச்சமின்றி வழி நடந்தனர்.

திருவரங்கத்தில் ஆழ்வானுடைய ஜீவனம் உஞ்சவிருத்தியாயிற்று. ஒரு நாள் விடாத மழையால் வெளியே செல்ல இயலவில்லை. இருவரும் பட்டினியாயிருந்தனர். இரவில் அரவணைப் பிரசாதம் அமுது செய்விக்கும் வேளையில் திருச்சின்ன ஒலி எழுந்தது. தன் பசியை எண்ணாத ஆண்டாள், அடியவர் பசித்திருக்கப் பெருமாள் அமுது செய்கிறாரே என்று நெஞ்சுக்குள் நினைத்தாள். சிறிது போதில் பெருமாள் நியமனத்தால் பிரசாதம் ஸகல மரியாதைகளுடன் அவர்கள் இல்லம் வந்து சேர்ந்தது. திகைத்த ஆழ்வான் காரணத்தை விசாரித்து அறிந்து, எம்பெருமானை இவ்வாறு நிர்ப்பந்திக்கலாகாதென்று தேவிகளுக்கு உணர்த்தினார். பின்னர்த் தாம் சிறிது ஸ்வீகரித்து எஞ்சியதை ஆண்டாளுக்கு அளித்தார். அந்தப் பிரசாதத்தின் பயனாகவே குமாரர் இருவர் பிறந்தனர் என்பது பெரியோர் கொள்கை. உடையவர் அவர்களுக்குப் பராசர பட்டர் என்றும், வேதவ்யாஸ பட்டர் என்றும் திருநாமம் சாற்றினார். ஆளவந்தாரின் மனக்குறைகளுள் ஒன்று அதனால் தீர்ந்தது.

பட்டர் சிறு பிள்ளையாயிருந்தபோது, சிறுமையும் பெருமையும் ஒருவரிடத்தில் எவ்வாறு பொருந்தும் என்று திருவாய்மொழிச் சொல்லொன்றில் ஐயங்கொண்டு கேட்டார். பிள்ளைக்கு உபநயனம் ஆகவில்லையாதலின் வேதவாக்கியத்தைக் கொண்டு விளக்க ஆழ்வான் விரும்பவில்லை. சிறு பிள்ளைக்கு எட்டாதென்று தள்ளிவிடவுமில்லை. உருவத்தால் சிறுத்தும் ஞானத்தால் பெருத்தும் விளங்கும் அடியார்களைச் சுட்டிக்காட்டித் தெளிவித்தார்.

சோழ மன்னனால் இடர் வந்தபோது, உடையவரைக் காக்க வேண்டி ஆழ்வான் அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துப் பெரியநம்பிகளுடன் அரசவைக்குச் சென்றார். அங்கே தம் இரு கண்களையும் இழந்தார். பெரியநம்பிகள் வழியிலேயே திருநாடலங்கரித்தார். திருவரங்கம் மீண்ட ஆழ்வானிடம் காவலர், உடையவர் ஸம்பந்தமுடையாரை உள்ளே விடலாகாதென்று ஆணையுளதாயினும், அவர் நற்குணமுடையராதலால் உட்புகலாமென்றனர். ஆசார்ய ஸம்பந்தத்தைத் துறந்து பெறும் தரிசனம் தமக்கு வேண்டாவென்று ஆழ்வான் திரும்பிவிட்டார். குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலை சென்று அழகரைச் சேவித்து, ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார்.

பின்னர் உடையவர் மேல்நாட்டிலிருந்து எழுந்தருளி, கண் பார்வையை வேண்டிக்கொள்ளுமாறு ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்றார். அங்கே வரதராஜ ஸ்தவம் பாடிய ஆழ்வான், கண்ணை வேண்டவில்லை. தமக்குக் கிடைக்கும் பேறு, தம் துன்பத்திற்குக் காரணமான நாலூரானுக்கும் கிடைக்க வேண்டுமென்றே விண்ணப்பித்தார்.

முதுமை முதிர்ந்தபின், நம்பெருமாளிடம் பரமபதம் வேண்டிப் பெற்றார் ஆழ்வான். குமாரர்களை அழைத்து, பெரியபெருமாளும் பெரியபிராட்டியாருமே அவர்களுக்குத் தாய் தந்தையர் என்றும், உடையவர் திருவடிகளே தஞ்சம் என்றும், ஆண்டாள் சொல்லைத் தட்டாமல் நடக்க வேண்டும் என்றும் உபதேசித்தார். பொன்னும் நிலமும் வைத்துச் செல்லாத அத்தந்தை வைத்துச் சென்ற தனம் இதுவே. பின்னர்த் தந்தையை இழந்து வருந்திய பட்டரைப் பெருமாள் தாமே தந்தையாயிருந்து தேற்றியருளினார் என்று பெரியோர் அருளிச்செய்வர். அப்பட்டரே பிற்காலத்தில் ஸம்பிரதாயத்தைத் தாங்கும் ஆசார்யராய் விளங்கினார்.

மனைவி மக்களோடு வாழ்தல் எம்பெருமானை அடையத் தடையாகுமோ என்று கலங்குவார்க்கு ஆழ்வானின் இல்லமே விடை. இத்திருநாளில் சேவிக்க வந்த அடியார்கள், வீடு திரும்பும்போது அவ்வில்லத்தையும் நெஞ்சில் கொண்டு செல்வார்களாக.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.