சீமோர் கிரே

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்று நீர் பாய்ந்ததும் நடவு தொடங்கும். நாற்றங்காலில் பறித்த முடிகளை வயலிலேயே முன்கூட்டிப் பரப்பி வைப்பர். மூத்தவள் ஒருமுறை சொல்ல, வரிசை முழுவதும் நட்டுச் செல்லும். பல வயல்களில் நடவு ஒருங்கே நிகழும். இவற்றை ஒத்த முறைகளால் கணினியின் விரைவைப் பெருக்கிய பேரறிஞர் சீமோர் கிரே.

இவர் 1925ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் விசுகான்சின் மாநிலத்தில், சிப்பேவா பால்சு என்னும் சிற்றூரில், பொறியாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி மீண்டபின், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் பயின்றார். 1964இல் இவர் ஆக்கிய சி.டி.சி. 6600 உலகிலேயே விரைவு மிக்க கணினியாய் விளங்கிற்று.

1972இல் தம் பெயரால் ஒரு நிறுவனம் கண்டார். 1976இல் கிரே-1 வெளிவந்தது. பொதுவாகக் கணினிக்கு ஒவ்வொரு கூட்டலுக்கும் தனித்தனி ஆணை வேண்டும். கிரே-1, அறுபத்துநான்கு எண்கள் வரை கொண்ட வரிசையை ஒரே ஆணையால் கணித்தது. இதுவே வெக்டர் முறை. இம்முறையை முன்னரே மேற்கொண்ட கணினிகள் எண்களைத் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்தே கொணர்ந்து காலத்தை இழந்தன. கிரேயோ, வயலில் பரப்பிய முடிகளைப் போல, அவற்றைக் கணிக்கும் உறுப்பின் அருகே எட்டுப் பதிவகங்களில் நிறுத்தி வைத்தார். 1985இல் வந்த கிரே-2, இத்தகைய வெக்டர் செயலிகள் நான்கினை இணைத்தது. பல வயல் நடவை ஒத்த இதனை இணைமுறை என்பர். பருவமழையை முன்னறிய 1980களின் இறுதியில் புதுதில்லியில் அமைந்ததும் இவர் தொடங்கிய நிறுவனத்தின் கணினியே.

ஆயினும், எளிய செயலிகள் பலவற்றினும் வலியன சிலவே சிறந்தன என்று அவர் நெடுங்காலம் கருதினார். காலம் மாறிற்று, சிறு செயலிகள் விலை குறைந்து ஆற்றல் மிகுந்தன. கிரே-3 கணினியை விலைகொடுத்து வாங்குவார் இலர். அதன்பொருட்டு அவர் அமைத்த புதிய நிறுவனம் 1995இல் நொடித்தது. எழுபதாம் அகவையை எய்தியும் அவர் சோர்ந்திலர். பழைய கொள்கையைப் பற்றி நின்றாரும் இலர். 1996இல் மீண்டும் ஒரு நிறுவனம் தொடங்கி, பல செயலிகளை இணைக்கும் கணினியை வடிவமைக்கப் புகுந்தார். அது முற்றுப்பெறுமுன், சாலை விபத்தில் காயமுற்று, அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் மறைந்தார்.

இன்றைய மீக்கணினிகளில் பல்லாயிரம் செயலிகள் இணைந்து இயங்குகின்றன. அச்செயலிகளினுள் வெக்டர் முறையும் வாழ்கின்றது. அவர் வளர்த்ததும் அவர் நெடுநாள் மறுத்ததும் ஒன்றாயின. தம் கருத்தைத் திருத்திக்கொள்ள முதுமை தடையன்று என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.