இரு வல்லரசுகளை எடை போட்ட தமிழர்

அமெரிக்கா முன்னேறியதா, ரஷியா முன்னேறியதா என்று உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிய காலம் உண்டு. இரண்டு நாடுகளையும் நேரில் பார்த்தவர் ஜே. சி. குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை கற்றார். பிறகு அமெரிக்கா சென்று பொருளாதாரம் படித்தார். ஆங்கில ஆட்சி வசூலித்த வரியும் செய்த செலவும் இந்தியாவை ஏழையாக்கியதை அங்கே ஆராய்ந்து கண்டார்.

1929-ல் காந்தியடிகளைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் போயின, கதர் வந்தது. கிராமக் கைத்தொழில்களை வளர்ப்பதே அவர் வேலையாயிற்று.

1951-ல் சீனா சென்றார். உழுதவனுக்கு நிலம் கிடைத்ததைப் பாராட்டினார். 1952-ல் ரஷியா சென்றார்.

முதலாளித்துவத்தில் பணக்காரர் கையில் அதிகாரம் குவிகிறது. பொதுவுடைமையில் அரசாங்கத்தின் கையில் குவிகிறது. இரண்டிலும் தொழிலாளி பெரிய இயந்திரத்தின் ஓர் உறுப்பாகிறான். இதுவே குமரப்பா கண்ட குறை.

கடைசிக் காலத்தைக் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ந் தேதி, 1960-ல் காலமானார்.

கல்லுப்பட்டிக்குத் தெற்கே தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர் ஏழாயிரம்பண்ணை. கைத்தீப்பெட்டியும் இயந்திரத் தீப்பெட்டியும் போட்டியிடும் இந்நாளில், குமரப்பாவின் அளவுகோல் அங்கேயும் பொருந்தும். எத்தனை தீப்பெட்டி செய்தோம் என்று எண்ணினால் போதாது. எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்றும் பார்க்க வேண்டும்.