எம்.எஸ். புளூ

பட்டுப் புடவைக் கடையில் 'எம்.எஸ். புளூ' என்று சொன்னால் போதும், இன்றும் அந்த ஆழ்ந்த நீலத்தை எடுத்து விரித்துவிடுவார்கள். அந்த நிறத்துக்குப் பெயர் வரக் காரணமானவர் எம்.எஸ். சுப்புலட்சுமி.

1916-ல் மதுரையில், வீணைக் கலைஞர் சண்முகவடிவுக்கு மகளாகப் பிறந்தார். 1938-ல் 'சேவாசதனம்' படத்தில் நடிக்க வந்தார். 1941-ல் 'சாவித்திரி'யில் நாரதராக ஆண் வேடம் போட்டது, 'கல்கி' பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டும் என்பதற்காக. 1945-ல் தமிழிலும் 1947-ல் இந்தியிலும் வந்த 'மீரா'வோடு, புகழின் உச்சியில் நடிப்பை விட்டார்.

பிறகு கச்சேரி மேடைதான். காஞ்சிப் பட்டு, தலையில் மல்லிகை, இருபுறமும் வைர மூக்குத்தி. அந்தத் தோற்றம் கடைசிவரை மாறவில்லை. பாடிச் சம்பாதித்ததில் பெரும்பகுதி தர்மத்துக்குப் போனது. 1998-ல் பாரத ரத்னா, 2004-ல் மறைவு.

ஃபேஷனைத் தேடிப் போகாதவரின் நிறம், இன்றும் நம் வீட்டுக் கல்யாணங்களில் நிற்கிறது. உங்கள் பீரோவிலும் ஓர் எம்.எஸ். புளூ இருந்தால், அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள், பேத்திக்கும் உதவும்.