ஜூரோங் காட்டைக் காத்தவரே ரப்பரையும் பரப்பினார்: யார் இந்த ரிட்லி?

ஜூரோங் என்றாலே நமக்குத் தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். ஆனால் சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே அரசாங்கக் காப்புக்காடு இருந்தது. அதைக் கவனிக்கும் பொறுப்பு ஒரு கட்டத்தில் ஹென்றி ரிட்லியிடம் வந்தது. ஆமாங்க, பூமலையில் ரப்பர் வளர்த்துப் பெயர்பெற்ற அதே ரிட்லிதான்.

1855இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1888இல் பூமலையின் இயக்குநராக வந்தார். கூடவே காடுகளும் அவர் பொறுப்பு.

அப்போது சிங்கப்பூரில் காடே குறைவு. காம்பியர் பயிரிட்டவர்கள் அதன் இலையைக் கொதிக்கவைக்க விறகு வெட்டினார்கள். மண்ணில் சத்து போனதும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல்தான் முளைத்தது. இதையெல்லாம் ரிட்லிக்கு முன் பூமலையை நடத்திய நத்தானியல் கான்ட்லி 1883இல் அறிக்கையாகவே எழுதினார். அதன் பிறகுதான் புக்கிட் தீமா, ஜூரோங், பாண்டான் போன்ற இடங்கள் காப்புக்காடுகளாயின.

எல்லை போடுவது, காவலர்களை வைப்பது, திருட்டு மரவெட்டைத் தடுப்பது... ரிட்லிக்கு வந்த வேலை இது. 1895இல் காடுகள் நிலவரி அதிகாரிகளிடம் போயின.

ஆனால் ரிட்லியின் மனசு இன்னொரு மரத்திலும் இருந்தது. பட்டையை மெல்லச் சீவினால், மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பால் தரும் என்று காட்டினார். தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் விதையைக் கையில் திணிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தார்கள். கார்களுக்கு டயர் தேவைப்பட்டதும் கேலி நின்றது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். நம்மில் பலரின் குடும்பக் கதை அங்கிருந்துதான் தொடங்குது.

அதே ரப்பருக்காகக் காடுகளும் அழிந்தன. ஜூரோங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. ரிட்லிக்கு இது முரணாகப் பட்டதா? காட்டையும் தோட்டத்தையும் ஒரே துறை கவனித்த காலம் அது. பலன் தராத நிலம் அரசாங்கத்துக்குச் சுமை. அவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

1911இல் அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். 1930களில் பெரும்பாலான காப்புக்காடுகள் ரத்தாயின. புக்கிட் தீமா தப்பியது. பாண்டான் சதுப்புநிலக் காட்டுக்கு 1951இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தும், ஜூரோங் தொழிற்பேட்டை வளர்ந்தபோது அது பறிபோனது. பாண்டான் நீர்த்தேக்கம் இருப்பது அந்தப் பக்கம்தான்.

ரிட்லி 1956இல், 100 வயதில் காலமானார். விதைகள் எப்படிப் பரவுகின்றன என்பது பற்றி 1930இல் ஒரு பெரிய புத்தகமே எழுதியவர் அவர். சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், கைவிடப்பட்ட பழைய தோட்டங்கள் காடாகிப்போன இடங்களில், ரப்பர்க் காய் இன்னும் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறிகிறது.